மீயொலிக் குலைவரைவியல்: மருத்துவர் எட்லரின் ஆய்வு வாழ்வு

உயிருள்ள உடலைத் திறவாமலே அதன் உள்ளுறுப்புகளின் வடிவையும் அசைவையும் அறியும் துறை உள்ளுறுப்புக் காட்சியியல் எனப்படும். அக்காட்சிக்கு வாயிலாக அமையும் ஆற்றல் எவ்வாறு செல்கிறது, எவ்வாறு மீள்கிறது என்பதைக் கொண்டு அதன் வகைகளைப் பிரித்தல் முறையாகும். உடலை ஊடுருவிச் சென்று மறுபுறத்தில் நிழலாய் விழும் ஆற்றலைப் பதிவு செய்வது முதல்வகை. ஊடுகதிர்ப் படம் அவ்வகையினது. உடலுக்குள் செலுத்திய பொருளிலிருந்து வெளிப்போந்து வரும் கதிரை அளப்பது இரண்டாம் வகை. அணுக்கரு மருத்துவம் அதனைக் கையாள்கிறது. உள்ளே சென்று, உறுப்புகளின் எல்லைகளில் முட்டி, வந்த வழியே திரும்பும் ஆற்றலைக் கேட்டறிவது மூன்றாம் வகை. மீயொலி ஆய்வு இம்மூன்றாம் வகையைச் சேர்ந்தது. காந்தப் புலத்தைக் கொண்டு உடலிலுள்ள நீரக அணுக்கருக்களை ஒத்ததிரச் செய்யும் நான்காம் முறையும் உண்டு. அது காலத்தால் பிற்பட்டது, இங்கு எடுத்துக்கொண்ட வரலாற்றுக்கு வேண்டாதது.

மாந்தச் செவி நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரையிலான ஒலியையே கேட்கும். அதற்கு மேற்பட்ட அதிர்வுடைய ஒலி மீயொலி. அம்மீயொலியை நெஞ்சுக்குள் செலுத்தி, இதயம் என்று பொதுவில் வழங்கும் நெஞ்சாங்குலையின் சுவர்களிலிருந்தும் கதவங்களிலிருந்தும் மீண்டுவரும் எதிரொலியைக் கோடாகவோ படமாகவோ வரைந்து காண்பது மீயொலிக் குலைவரைவு. மருத்துவமனைகளில் ‘எக்கோ’ என்று சுருக்கிச் சொல்லப்படும் ஆய்வு இதுவே. ஏனைய உறுப்புகளைக் காண்பதற்கும் குலையைக் காண்பதற்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. எலும்பு அசையாது கிடக்கும். கல்லீரலும் மூச்சை அடக்கினால் அசையாது நிற்கும். குலையோ ஒரு நொடியும் நில்லாது. ஆதலின் எங்கே என்னும் வினாவோடு எப்போது என்னும் வினாவுக்கும் விடை தருவது குலைவரைவின் கடமையாகிறது.

இத்துறை சுவீடன் நாட்டின் தென்கோடியிலுள்ள இலுண்டு என்னும் பல்கலைக்கழக ஊரில், ஒரு மருத்துவரும் ஓர் இயற்பியலரும் கூடிச் செய்த முயற்சியில் 1953ஆம் ஆண்டு பிறந்தது. மருத்துவர் இங்கெ எட்லர். இயற்பியலர் எல்முத் எர்ட்சு. கருவி பிறந்த வரலாற்றைப் பலரும் எடுத்துரைப்பர். அக்கருவி வரைந்த கோடு எதனுடைய கோடு என்று மெய்ப்பிப்பதற்கு எட்லர் செலவிட்ட ஆண்டுகளைச் சொல்வோர் குறைவு. மருத்துவ அறிவியலர் என்னும் பெயருக்கு அவரை உரியவராக்கியவை அந்த ஆண்டுகளே என்பது என் துணிபு.

முதற்கண் கதவத்தைப் பற்றிச் சில அறிதல் வேண்டும். குலையில் மேலறைகள் இரண்டு, கீழறைகள் இரண்டு. நுரையீரலில் உயிர்வளி ஏற்ற குருதி இடது மேலறைக்கு வந்து, அங்கிருந்து இடது கீழறைக்கு இறங்கி, பெருநாடி வழியாக உடலெங்கும் பரவுகிறது. இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் நடுவே நிற்பது ஈரிதழ்க் கதவம். முன்னிதழ், பின்னிதழ் என்னும் மெல்லிய இதழ்கள் இரண்டாலான அது, கீழறை விரியும்போது திறந்து குருதியை விடுகிறது. கீழறை சுருங்கும்போது மூடி, குருதி பின்செல்லாமல் தடுக்கிறது. நலமுள்ள பெரியவரிடத்தில் அதன் வாய் நான்கு முதல் ஆறு சதுரச் செண்டிமீட்டர் அகலத் திறக்கும். இக்கதவத்துக்கு நேரும் கேடுகள் இருவகைப்படும். இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டித் தடித்து, வாய் சுருங்கிப் போவது குறுக்கம். இதழ்கள் முற்றப் பொருந்தாமல், கீழறை சுருங்கும்போது குருதி மேலறைக்கே திரும்புவது பின்னொழுக்கு. இளமையில் தொண்டை நோயைத் தொடர்ந்து வரும் உருமாட்டிக் காய்ச்சல் இரண்டுக்கும் வித்தாகும். ஐரோப்பாவில் அக்காய்ச்சல் அருகிவிட்டது. நம் நாட்டில் இன்னும் இளையோரின் குலைக் கதவங்களை அது கெடுத்துக்கொண்டிருக்கிறது.

1948ஆம் ஆண்டு ஈரிதழ்க் குறுக்கத்துக்கு அறுவை மருத்துவம் வழி கண்டது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் சார்லசு பெய்லியும் பாசுடனில் துவைட்டு ஆர்க்கெனும், இலண்டனில் இரசல் பிராக்கும் அவ்வாண்டிலேயே அதனைச் செய்து காட்டினர். துடித்துக்கொண்டிருக்கும் குலையின் இடது மேலறையோரத்தில் சிறு திறப்புச் செய்து, அதன் வழியே விரலை நுழைத்து, ஒட்டிக்கிடக்கும் இதழ்களைத் தடவியறிந்து பிரிப்பது அம்முறை. கண்ணுக்கு எதுவும் தெரியாது. அறுவை மருத்துவரின் விரல்நுனியே கண். குறுக்கம் மட்டும் உடையவர்க்கு இது புதுவாழ்வு தந்தது. பின்னொழுக்கு மிக்கவர்க்கோ விரலால் பிரிப்பது நோயைப் பெருக்கும். ஆகவே இன்னார்க்கு எக்கேடு, எந்த அளவில் என்று நெஞ்சைத் திறப்பதற்கு முன்பே அறியவேண்டிய கடப்பாடு, குலைநோய் மருத்துவரின் தோள்மீது வந்து விழுந்தது.

அந்தக் கடப்பாட்டை நிறைவேற்ற அவர் கையில் இருந்தவை எவை? கேட்புக்குழல் கதவத்தின் முணுமுணுப்பைச் சொல்லும். அதன் அளவைச் சொல்லாது. ஊடுகதிர் குலையின் வெளிக்கோட்டை நிழலாகக் காட்டும். குருதிக்கும் தசைக்கும் அதன் கண்ணில் வேறுபாடில்லை. குலையின் மின்வரைவு தசையின் மின்னோட்டத்தைக் காட்டும், கதவத்தில் மின்னோட்டமில்லை. செருமனியின் எபர்சுவால்டு நகரில் 1929ஆம் ஆண்டு வெர்னர் போர்சுமன் தன் கைநாளத்தின் வழியே தன் குலைக்குள் தானே செலுத்திக்கொண்ட மென்குழல், பின்னர்க் கூர்னாண்டும் இரிச்சர்ட்சும் வளர்த்தெடுத்த செருகுகுழல் ஆய்வாயிற்று. அறைகளின் அழுத்தத்தை அது அளந்தது. ஆயினும் கதவத்தை எவரும் கண்டதில்லை. இறந்தபின் காணலாம், அப்போது அது அசையாது.

இங்கெ எட்லர் 1911ஆம் ஆண்டு சுவீடனின் தென்மாநிலமாகிய இசுக்கோனேயில் பிறந்தவர். இலுண்டுப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1943இல் தேர்ந்து, மால்மோ நகரில் பணிபுரிந்து, பின்னர் இலுண்டு மருத்துவமனையின் குலையாய்வுக் கூடத்தின் பொறுப்பை ஏற்றார். அறுவைக்கு அனுப்பத் தக்கவரைத் தேர்ந்தெடுப்பது அவருடைய அன்றாடப் பணி. செருகுகுழலை அவர் நன்கு அறிந்தவர். அதன் எல்லையையும் அறிந்தவர். உடலுக்குள் எதனையும் செருகாமல் கதவத்தைக் காணும் வழி உண்டா என்னும் வினா அவரிடம் எழுந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகளே ஆன காலம் அது. வானூர்தியைத் தொலைவிலேயே கண்டுபிடிக்கும் கதுவீ, அதாவது ரேடார், எல்லார் வாயிலும் இருந்தது. அதனைக் குலைமீது திருப்ப முடியுமா என்று இயற்பியல் அறிந்த ஒருவரைக் கேட்க வேண்டுமென எட்லர் எண்ணினார்.

கேட்கப்பட்டவர் எல்முத் எர்ட்சு. அவர் 1920இல் பெர்லினில் பிறந்தவர். அவருடைய தந்தை குசுத்தாவு எர்ட்சு, இயற்பியலுக்கான 1925ஆம் ஆண்டின் நோபல் பரிசை சேம்சு பிராங்குடன் பகிர்ந்துகொண்டவர். மின்காந்த அலைகளை முதலில் செய்துகாட்டிய ஐன்ரிச் எர்ட்சு, குசுத்தாவின் பெரியப்பன். அலைவெண்ணின் அலகே அவர் பெயரால் வழங்குகிறது. எல்முத் போரில் செருமானியப் படைக்கு அழைக்கப்பெற்று, வட ஆப்பிரிக்காவில் சிறைப்பட்டு, அமெரிக்கச் சிறைமுகாமில் போர் முடியும்வரை இருந்து, பிறகு சுவீடனுக்கு வந்து இலுண்டின் இயற்பியல் துறையில் சேர்ந்தார். அங்கே அவர் மீயொலியில் ஈடுபட்டிருந்தார். எட்லரின் வினாவுக்கு அவர் தந்த விடை தெளிவானது: ரேடார் ஆகாது, மீயொலி ஆகலாம்.

ஏன் ஆகாது என்பதை எண்களால் காண்பது இன்பமானது. மார்பின் மேற்பரப்பிலிருந்து 7.7 செண்டிமீட்டர் ஆழத்தில் ஒரு கதவம் இருப்பதாகக் கொள்வோம். அங்குப் போய் மீள்வதற்கு அலை கடக்கும் தொலைவு 15.4 செண்டிமீட்டர். ஒளியின் விரைவில் செல்லும் ரேடார் அலைக்கு அதற்கு வேண்டிய நேரம் நொடியின் 200 கோடியில் ஒரு பங்கு; அவ்வளவு குறுகிய இடைவெளியைப் பிரித்தளக்கும் கருவி அன்று இல்லை. மேலும் அக்காலத்து ரேடாரின் அலைகள் செண்டிமீட்டர் கணக்கில் நீண்டவை; தாளினும் சற்றே தடித்த இதழை அவை எப்படி அறியும்? ஒலியோ உடலின் மென்தசையில் நொடிக்கு ஏறத்தாழ 1540 மீட்டர் செல்கிறது. அதே 15.4 செண்டிமீட்டரைக் கடக்க அதற்கு நொடியின் பதினாயிரத்தில் ஒரு பங்கு ஆகும். அது அன்றைய மின்கருவிகளுக்கு எளிதில் எட்டிய அளவு. நொடிக்கு 25,00,000 அதிர்வுகளையுடைய மீயொலியின் அலைநீளம், 1540ஐ அவ்வெண்ணால் வகுக்க, 0.6 மில்லிமீட்டர் அளவில் வந்து நிற்கும். இதழை அறிவதற்கு அந்நுண்மை போதும். இயற்கை இவ்விரு எண்களையும் இவ்வாறு பொருத்தி வைத்திராவிட்டால் குலைவரைவு என ஒரு துறையே இல்லை.

எதிரொலி எங்கே எழுகிறது என்பதற்கும் நெறி உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும், அதன் அடர்த்தியையும் அதில் ஒலி செல்லும் விரைவையும் பெருக்கிக் காணும் ஒலித்தடை என்னும் பண்பு இருக்கிறது. ஒலித்தடை வேறுபட்ட இரண்டு பொருள்கள் சந்திக்கும் எல்லையில் ஒலியின் ஒரு பகுதி மீள்கிறது. வேறுபாடு மிகுந்தால் மீள்வதும் மிகும். குருதிக்கும் கதவத்துக்கும் வேறுபாடு சிறிது; ஆகையால் நூற்றில் ஒரு பங்கினும் குறைவாகவே மீளும், எஞ்சியது மேலும் உள்ளே சென்று அடுத்த எல்லையைத் தேடும். காற்றுக்கும் தசைக்கும் வேறுபாடு மிகப் பெரிது. அங்கே கிட்டத்தட்ட முழுவதும் மீண்டுவிடும், அப்பால் எதுவும் தெரியாது. ஆய்வுமுனைக்கும் தோலுக்கும் நடுவே காற்று நில்லாதபடி கூழ் தடவுவது அதனால்தான். நுரையீரல் காற்றால் நிறைந்தது, விலா எலும்பு ஒலியை விழுங்குவது. இவ்விரண்டும் மறைக்காத ஒரு சிறு சாளரம், மார்பெலும்பின் இடப்பக்கத்தில் மூன்றாம் நான்காம் விலாக்களின் இடைவெளியில் அமைந்திருக்கிறது. அதன் வழியே குலையைக் காண முடியும்.

மீயொலியை எழுப்புவதும் கேட்பதும் ஒரே பொருளின் வேலை. சில வகைப் பளிங்குகளை அழுத்தினால் அவற்றில் மின்னழுத்தம் தோன்றும். மின்னழுத்தம் கொடுத்தால் அவை நெளிந்து அதிரும். அழுத்தமின் விளைவு எனப்படும் இதனை 1880ஆம் ஆண்டு பியேர் கியூரியும் அவர் தமையன் சாக்கு கியூரியும் கண்டறிந்தனர். முதல் உலகப் போரின்போது பிரான்சின் பால் இலாஞ்செவன் இதனைக் கொண்டு நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் முறையை அமைத்தார். அடுத்த பெரும்போரின் காலத்தில் உலோகத் தகட்டினுள்ளும் பற்றவைத்த மூட்டினுள்ளும் மறைந்திருக்கும் வெடிப்புகளை எதிரொலியால் கண்டுபிடிக்கும் பொறி தோன்றியது. அத்தகைய பொறி ஒன்று மால்மோவின் கொக்கும்சு கப்பல் கட்டும் துறையில் இருந்தது.

1953இல் எர்ட்சு அதனை ஒரு வார இறுதிக்குக் கேட்டுப் பெற்றார். அதன் முனையைத் தம் மார்பின்மீதே வைத்துப் பார்த்தபோது, திரையில் நின்ற குறிகளுக்கிடையே ஒன்று நெஞ்சுத் துடிப்புக்கு இசைய முன்னும் பின்னும் ஓடுவதைக் கண்டார். கப்பலின் இரும்பில் வெடிப்பைத் தேடிய பொறிக்கு உயிருள்ள குலையின் அசைவும் புலப்பட்டது. தந்தையார் முன்பு சீமென்சு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தைப் பொறுப்பேற்று நடத்தியவராதலின் மகனுக்கு அங்கே செவிசாய்ப்பார் இருந்தனர். எர்லாங்கன் நகரில் அந்நிறுவனத்தின் மருத்துவப் பிரிவில் பணியாற்றிய வூல்ப்காங்கு கெல்லினெக்கின் உதவியால் ஒரு பொறி இலுண்டுக்கு வந்து சேர்ந்தது. 1953 அக்டோபர் 29ஆம் நாள் குலையின் அசையும் எதிரொலிகள் முதன்முதல் படச்சுருளில் பதிவாயின.

அப்பதிவு எத்தகையது என்பதைச் சற்று நின்று பார்ப்போம். இன்றைய ‘எக்கோ’ அறையின் திரையில் நாம் காணும் விசிறி வடிவப் படம் அன்று இல்லை. ஒலிக்கற்றை ஒன்றே, அது ஒரே கோட்டில் உள்ளே செல்லும். அக்கோட்டில் எதிர்ப்படும் ஒவ்வோர் எல்லையும் ஓர் ஒளிப்புள்ளியாகத் திரையில் தோன்றும். புள்ளிகளுக்கு முன்னே படச்சுருளைச் சீராக ஓடவிட்டால், அசையாத எல்லை நேர்கோடாகவும் அசையும் எல்லை வளைகோடாகவும் பதியும். ஒரு பக்கம் ஆழம், மறுபக்கம் காலம். அசைவுமுறை வரைவு என்பது இதற்கு நாம் இடத்தக்க பெயர். குலையின் முன்சுவர் ஆழங்குறைந்த இடத்தில் மெல்ல அலையும். பின்சுவர் நெடுந்தொலைவில் அலையும். நடுவே, ஏறத்தாழ ஏழெட்டுச் செண்டிமீட்டர் ஆழத்தில், மற்றவற்றினும் விரைந்து நெடுக ஏறி இறங்கும் ஒரு கோடு இருந்தது. எட்லரின் வாழ்நாள் வினா அந்தக் கோடு.

1954ஆம் ஆண்டு இலுண்டின் அறிவியல் கழகம் ஒன்றின் நடவடிக்கைத் தொகுப்பில் இருவரும் தம் முதற் கட்டுரையை வெளியிட்டனர். குலைச் சுவர்களின் அசைவுகளை மீயொலியால் தொடர்ந்து பதிவு செய்வது என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டிருந்தனர். சுவர்கள் என்றே அத்தலைப்பில் இருந்தது. அந்த விரைகோட்டை இடது மேலறையின் சுவருக்கு உரியதென அவர்கள் கொண்டனர். அக்கொள்கை அறிவுக்கு ஒவ்வாததும் அன்று. ஆழம் பொருந்தியது. மேலறை நிறைவதும் வடிவதும் ஏற்ற இறக்கத்தோடு இயைந்தன. குறுக்கமுற்றோரிடத்தில் அக்கோடு விரைந்து இறங்காமல் சாய்வாக, மெல்ல இறங்கியது. வாய் சுருங்கிய மேலறை மெல்ல வடிவதாகச் சொன்னால் அதற்கும் விளக்கம் கிடைத்துவிடும். சான்றுகள் எல்லாம் இணங்கிய பின்னும் கொள்கை பிழையாயிருக்க இடமுண்டு என்பதை அறிவியல் வரலாற்றில் இதனினும் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரியவில்லை.

எட்லர் அவ்விளக்கத்தோடு அமைந்திருக்கலாம். சாய்வைக் கண்டு குறுக்கத்தைச் சொல்ல முடிந்ததால் மருத்துவப் பயன் கைக்கு வந்துவிட்டது. கோடு எதனுடையதாயினும் அறுவைக்கு அனுப்புவோரைத் தேர்ந்தெடுக்கலாம். அவர் அமையவில்லை. பிழைக்க வழியின்றி இறுதி நிலையிலிருந்த நோயாளர் சிலரிடம் மீயொலி ஆய்வு செய்து, மார்பில் கற்றை புகுந்த இடத்தையும் அது சென்ற சாய்வையும் குறித்துக்கொண்டார். அவர்கள் இறந்த பின்னர், அந்த இடத்தில் அந்தச் சாய்விலேயே, பனிக்கட்டி உடைக்கும் நீண்ட ஊசியை மார்பினுள் செலுத்தினார். உடற்கூறாய்வில் நெஞ்சைத் திறந்து, ஊசி எவற்றையெல்லாம் துளைத்துச் சென்றிருக்கிறது என்று பார்த்தார். அந்த ஆழத்தில் ஊசி துளைத்திருந்தது மேலறைச் சுவரையன்று. ஈரிதழ்க் கதவத்தின் முன்னிதழை.

ஒலி சென்ற வழியை இரும்பால் மீண்டும் நடந்து பார்த்த இச்செயலில் கண்ணுக்கு இனியது எதுவுமில்லை. ஆயினும் கருவி தந்த குறிக்கும் உடலின் உறுப்புக்கும் நடுவே இருந்த இடைவெளியை அது ஒன்றே நிரப்பியது. உயிரோடிருக்கும் மாந்தரின் மூடிய மார்புக்குள் கதவம் திறந்து மூடுவதை அவர்கள் 1953 முதலே கண்டுகொண்டிருந்தனர். கண்டது கதவம் என்பது அப்போதுதான் தெரிந்தது. எட்லரும் இலுண்டில் அவருடன் உழைத்தோரும் அதன்பின் கதவ அசைவுகளைச் செய்முறையாலும் ஆராய்ந்து, 1961ஆம் ஆண்டு இசுக்காண்டிநேவிய மருத்துவ இதழ் ஒன்றின் துணைமலராக விரிவாக வெளியிட்டனர். அதற்கு முந்திய ஆண்டில் உரோமில் கூடிய ஐரோப்பியக் குலைநோயியல் மாநாட்டில் இம்முறையைப் பற்றிய அறிவியல் திரைப்படம் ஒன்றையும் காட்டினர். கோட்டை நம்பாதவர்க்கும் படம் விளங்கும் என்று கருதினர் போலும்.

முன்னிதழ் என்று தெரிந்தபின் அக்கோட்டின் ஒவ்வொரு வளைவும் பொருள் பெற்றது. கீழறை விரியத் தொடங்கியதும் இதழ் மார்பை நோக்கி விரைந்து வரும். அது முதல் முகடு. குருதி பாய்ந்து கீழறை நிறைய, இதழ் பாதி மூடி இறங்கும். மேலறை சுருங்கி எஞ்சிய குருதியைத் தள்ளும்போது மீண்டும் எழும். அது இரண்டாம் முகடு. பின்னர்க் கீழறை சுருங்க, இதழ் முற்ற மூடிப் பின்னே செல்லும். ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு முகடுகள். நலமுள்ள கதவத்தின் கையெழுத்து அது. முதல் முகட்டிலிருந்து இதழ் இறங்கும் விரைவு நலமுள்ளவரிடம் நொடிக்கு 70 மில்லிமீட்டருக்கு மேற்படும். கடுங்குறுக்கம் உடையவரிடம் அது பத்து, இருபது என்ற அளவுக்குத் தாழ்ந்து, முகடுகளுக்கு இடையிலான பள்ளமே தூர்ந்து, கோடு மேடைபோல் தட்டையாகிவிடும். மேலறையின் அழுத்தம் இதழைத் திறந்தபடியே பிடித்து நிறுத்துவது அதன் பொருள்.

இலுண்டில் இம்முறை வேறு வாயில்களையும் திறந்தது. 1953 திசம்பரிலேயே அவ்வூரின் நரம்பறுவை மருத்துவர் இலார்சு லெக்செல், தலையில் அடிபட்ட குழந்தையொன்றின் மூளையின் நடுக்கோடு ஒருபுறமாக விலகியிருப்பதை அதே மீயொலியால் கண்டார். எர்ட்சுவோ, விரைந்து ஓடும் குறிகளைத் தாளில் எழுதக்கூடிய எழுதுகோல் இல்லாத குறையைத் தீர்க்கப் புகுந்து, மையைத் தாரையாகப் பீச்சி எழுதும் முறையை ஆராய்ந்தார். இன்றைய மைத்தாரை அச்சுப்பொறியின் முன்னோடிகளுள் அவர் ஒருவர்.

உலகம் உடனே செவிசாய்க்கவில்லை. செருமனியில் சுவென் எவ்வெர்ட்டும் அவர் குழுவினரும் விரைவில் தொடர்ந்தனர். அமெரிக்காவில் 1963 அளவில் பென்சில்வேனியாவின் சாய்னரும் இரீடும் ஈரிதழ்க் குறுக்கத்தில் இதனை உறுதிப்படுத்தினர். இந்தியானாவின் ஆர்வி பைகன்பாம் குலையைச் சூழ்ந்த உறையில் நீர் கோத்திருப்பதை மீயொலியால் எளிதிற் காணலாம் என்று 1965இல் எழுதிய பின்னரே மருத்துவமனைகள் இதனை வேண்டிப் பெறலாயின. நீர்க்கோவையைக் காண்பதில் ஐயத்துக்கு இடமில்லை. அசையும் குலைச்சுவருக்கும் அசையாத உறைக்கும் நடுவே எதிரொலியற்ற வெற்றிடம் தெரிந்தால் அங்கே நீர் உண்டு. எட்லரும் இதனை முன்பே குறித்திருந்தார்.

சாய்வின் அளவுகோல் நெடுநாள் ஆட்சி செய்யவில்லை. கீழறைத் தசை விறைத்துப் போனாலும் இதழ் மெல்ல இறங்கும் என்பது பின்னர்த் தெரிந்தது; ஆகவே சாய்வு ஒன்றைக்கொண்டே குறுக்கத்தின் கடுமையை அளத்தல் கைவிடப்பட்டது. 1971இல் உரோட்டர்டாமின் நிக்கோலாசு பாம் பல பளிங்குகளை வரிசையாக அடுக்கி, குலையின் குறுக்குவெட்டை அசையும் படமாகவே காட்டினார். கதவத்தின் வாயையே திரையில் கண்டு அளக்கலாம் என்றாயிற்று.

பின்னொழுக்கின் சிக்கல் எஞ்சியிருந்தது. இதழை எத்துணைத் தெளிவாகக் கண்டாலும் அதனிடையே கசியும் குருதியைக் காண முடியாது. குருதி எதிரொலி தருவது அவ்வளவு அரிது. இங்கேயும் எட்லர் ஒதுங்கி நிற்கவில்லை. செல் இலிண்டிசுத்திரோம் என்னும் இளைய ஆய்வாளருடன் கூடி, 1960களில் தாப்ளர் விளைவைக் குலையாய்வில் பயன்படுத்தினார். ஓடும் பொருளிலிருந்து மீளும் ஒலியின் அலைவெண் அதன் விரைவுக்கேற்ப மாறும். அம்மாற்றத்தை அளந்தால் குருதி எப்பக்கம், எவ்வளவு விரைவில் பாய்கிறது என்று தெரியும். மூடியிருக்கவேண்டிய நேரத்தில் கதவத்தின் பின்னால் பாய்ச்சல் கேட்டால் அது பின்னொழுக்கு.

இந்த விரைவிலிருந்து அழுத்தத்தையே கணக்கிடலாம் என்று நார்வே நாட்டினர் காட்டினர். 1970களில் ஆசுலோவில் ஓலன் தொடங்கியதைத் துரொண்டையம் நகரின் பெண் மருத்துவர் லிவ் ஆட்லெ மருத்துவர் அனைவரும் கையாளத்தக்க வடிவுக்குக் கொண்டுவந்தார். குறுகிய வாயின் வழியே பாயும் நீர்மம் இழக்கும் அழுத்தம், அடர்த்தியின் பாதியை விரைவின் இருமடியால் பெருக்கினால் வரும் என்பது பெர்னூலியின் நெறி. குருதியின் அடர்த்தி கனமீட்டருக்கு 1060 கிலோகிராம். அதில் பாதி 530. இதனை இதளியத்தின் மில்லிமீட்டராக மாற்ற 133ஆல் வகுத்தால் நான்கு. ஆகவே விரைவின் இருமடியை நான்கால் பெருக்கினால் கதவத்தின் இருபுறத்து அழுத்த வேறுபாடு கிடைத்துவிடும். நொடிக்கு இரண்டு மீட்டர் விரைவெனில் வேறுபாடு 16 மில்லிமீட்டர். முன்பு செருகுகுழலைக் குலைக்குள் செலுத்தி அளந்ததை, மார்பின்மேல் வைத்த முனையும் பள்ளிச் சிறுவன் செய்யும் பெருக்கலும் இன்று தந்துவிடுகின்றன. எட்லர் தொடக்கத்தில் கேட்ட இரு வினாக்களுக்கும், குறுக்கம் எவ்வளவு, பின்னொழுக்கு எவ்வளவு என்பவற்றுக்கும், இவ்வாறு ஒரே பொறி விடை சொல்லலாயிற்று.

1977ஆம் ஆண்டு எட்லருக்கும் எர்ட்சுவுக்கும் அமெரிக்காவின் இலாசுக்கர் மருத்துவ ஆய்வு விருது வழங்கப்பட்டது. அவ்வாண்டிலேயே எட்லர் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். எர்ட்சு 1990இலும் எட்லர் 2001இலும் மறைந்தனர்.

வண்ணப் படமும் முப்பரிமாணப் படமும் வந்துவிட்ட இன்றும் அவர்களுடைய ஒற்றைக்கோட்டு வரைவு கருவிகளிலிருந்து நீங்கவில்லை. குறுக்குவெட்டுப் படத்தை அமைக்கப் பொறி பல கோடுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பிக் காத்திருக்க வேண்டும். அதனால் நொடிக்குச் சில பத்துப் படங்களே, மிகுந்தால் நூறளவே கிடைக்கும். ஒற்றைக் கோடோ நொடிக்கு ஆயிரம் முறைக்கு மேல் திரும்பத் திரும்ப அதே இடத்தைக் கேட்கும். பெருநாடிக் கதவத்தில் கசிவு உள்ளவரிடம், திரும்பப் பாயும் குருதித் தாரை ஈரிதழ்க் கதவத்தின் முன்னிதழில் மோதி, அதனை மிக விரைவாகச் சிலிர்க்கச் செய்கிறது. படத்தில் அந்தச் சிலிர்ப்பு கண்ணுக்குத் தப்பிவிடும். அசைவுமுறை வரைவில் இரண்டு முகடுகளுக்கும் மேலே நுண்பற்களாக, எண்ணக்கூடிய அளவுக்குத் தெளிவாகப் பதியும்.